பள்ளி, கல்லூரி ஊழியர்களுக்குச் சங்கம் எப்படித் துணை நிற்கும்? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி, பொன்னமராவதி வட்டாரங்களில் ஆசிரியராகவோ, அலுவலகப் பணியாளராகவோ, ஓட்டுநராகவோ, சத்துணவு ஊழியராகவோ இருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். சட்டப் பிரிவுகளைத் தேவையான இடத்தில் மட்டும் சொல்லியிருக்கிறோம்.

பிரச்சினையைச் சொல்ல வந்தால் ‘நீங்கள் எந்த வகைப் பள்ளி?’ என்றே முதலில் கேட்கிறார்களே, ஏன்?

அதைப் பொறுத்துத்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்பது முடிவாகும். அரசுப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் அரசு ஊழியர் விதிகள். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் சம்பளம் அரசுடையது, நிர்வாகம் அறக்கட்டளையுடையது. மனுவும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். சுயநிதிப் பள்ளி என்றால் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் பொதுவான தொழிலாளர் சட்டங்களும். தனியார் கல்லூரிக்கு 1976ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதும் ஒரு சிக்கல். காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டம். ஒரே அறக்கட்டளை இரண்டு பக்கமும் பள்ளி நடத்தினால், உங்கள் பள்ளிக் கட்டடம் எந்த மாவட்டத்தில் நிற்கிறதோ அந்த மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்குத்தான் மனு. அறக்கட்டளையின் தலைமையிடத்தைப் பார்த்து அனுப்பிய மனுக்கள் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். வழக்கென்று போனால் இரண்டு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான்.

தனியார் பள்ளி ஆசிரியர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

ஆசிரியர் போக முடியாது. ஓட்டுநரும் ஆயாவும் எழுத்தரும் போகலாம். கல்வி நிறுவனமும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னது. ஆனால் ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி ‘தொழிலாளர்’ அல்ல என்று 1988இல் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் வேலையை விட்டு நீக்கப்பட்ட பேருந்து ஓட்டுநருக்குத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் உண்டு. அதே பள்ளியில் நீக்கப்பட்ட கணக்கு ஆசிரியைக்குக் கல்வித் துறையும் நீதிமன்றமும்தான்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. புதிய தொகுப்பில், அறப்பணியையே முழுமையாகவோ பெருமளவிலோ செய்யும் அமைப்புகளின் நிறுவனங்கள் ‘தொழில்’ என்ற வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. நம் பக்கத்துப் பள்ளிகள் பெரும்பாலும் அறக்கட்டளைப் பள்ளிகள். கட்டணம் வாங்கும் பள்ளியாக இருந்தாலும் நிர்வாகத்தின் வழக்கறிஞர் இந்த வரியைத்தான் முதலில் எடுப்பார். அதற்கு மறுப்பாகக் கட்டண ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பழைய சட்டத்தில் பணிநீக்கத்தை எதிர்க்க மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது இரண்டு ஆண்டுதான்.

எந்தச் சங்கத்தில் சேர்வது?

உங்கள் பதவிக்குரிய சங்கத்தில். தொடக்கப் பள்ளி ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுநிலை ஆசிரியர், ஆசிரியரல்லாத பணியாளர், சத்துணவு ஊழியர், அங்கன்வாடி ஊழியர் என்று தனித்தனிச் சங்கங்கள் உள்ளன. அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஆசிரியர்களுக்கு ‘மூட்டா’ இருக்கிறது. மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், அன்னை தெரசா, அழகப்பா ஆகிய நான்கு பல்கலைக்கழகப் பகுதிகளையும் சேர்த்து இயங்கும் சங்கம் அது.

சேரும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: வட்டாரப் பொறுப்பாளர் மாதம் ஒரு முறையாவது கல்வி அலுவலகத்துக்கு நேரில் போகிறாரா? அப்படிப் போகாத சங்கத்தில் சந்தா ரசீது கிடைக்கும், வேலை நடக்காது.

சிக்கல் வந்த பிறகு சேர்ந்தால் உதவி கிடைக்குமா?

ஆலோசனை கிடைக்கும். வழக்குச் செலவுக்குச் சங்க நிதியிலிருந்து உதவ, குறிப்பிட்ட காலம் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று பல சங்கங்கள் வைத்திருக்கின்றன. மெமோ வந்த அன்று சந்தா கட்ட வருபவரை யாரும் விரட்டுவதில்லை. ஆனால் பத்து வருடம் சந்தா கட்டியவருக்கு அடுத்துதான் அவர்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

நியமன ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், பணிப்பதிவேட்டின் நகல், இதுவரை கொடுத்த மனுக்களின் நகல். இவற்றோடு தேதி வாரியாக ஒரே ஒரு தாள்: எந்தத் தேதியில் என்ன நடந்தது, யார் சொன்னார், எழுத்தில் உண்டா என்று. இந்தத் தாள் இல்லாமல் வருபவரிடம் பாதி நேரம் நினைவூட்டுவதிலேயே போய்விடும்.

சுயநிதிப் பள்ளியில் நியமன ஆணையே தரவில்லை என்றால், வருகைப் பதிவேட்டின் படம், அடையாள அட்டை, பள்ளி ஆண்டுமலரில் உங்கள் பெயர் உள்ள பக்கம், தேர்வுப் பணி ஆணை, வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியர் உங்களுக்கு இட்ட வேலைகள் எல்லாம் சான்றுதான். வேலையில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். வெளியே வந்த மறுநாள் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

உதவிபெறும் பள்ளி. இந்த மாதம் யாருக்குமே சம்பளம் வரவில்லை. என்ன செய்வது?

சம்பளப் பட்டியல் எங்கே நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கும்: பள்ளியில் செயலர் கையெழுத்திடவில்லை, கல்வி அலுவலகத்தில் ஒப்புதல் ஆகவில்லை, கருவூலத்தில் நிதி ஒதுக்கீடு இல்லை. கருவூலத்தில் நிதி இல்லை என்றால் பக்கத்துப் பள்ளிகளுக்கும் வந்திருக்காது. இரண்டு பள்ளிக்குப் போன் போட்டாலே தெரிந்துவிடும்.

நம் பக்கம் அதிகம் காண்பது முதல் வகை. பள்ளியைத் தொடங்கிய குடும்பத்தின் அடுத்த தலைமுறை சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும். பங்காளிகளுக்குள் யார் செயலர் என்ற தகராறு வந்துவிடும். இரண்டு பேர் இரண்டு கடிதம் கல்வி அலுவலகத்துக்குக் கொடுப்பார்கள். அலுவலர் எதையும் ஏற்காமல் கோப்பை மூடி வைப்பார். இதற்கு வழி உண்டு. நிர்வாகத் தகராறு தீரும்வரை கல்வி அலுவலர் மூலம் நேரடியாக ஊதியம் வழங்குவது நடைமுறையில் இருப்பதுதான். மொத்த ஆசிரியர், பணியாளர்களும் கையெழுத்திட்டு ‘நேரடி ஊதியம்’ கோரி மனுத் தர வேண்டும். மனுவில் எந்தத் தரப்பு நியாயம் என்று ஒரு வார்த்தைகூட எழுதாதீர்கள். எழுதினால் அந்த மனுவும் தகராறின் ஒரு காகிதமாகிவிடும், மற்றத் தரப்பு அதை எதிர்த்து மனுப் போடும்.

ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் நியமன ஒப்புதல் நிலுவை. மாணவர் எண்ணிக்கைப்படி ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கும். உபரி என்று வந்த பணியிடத்தில் நிர்வாகம் ஆள் போட்டிருந்தால் ஒப்புதல் கிடைக்காது. வேலையில் சேரும் முன்பே அந்தப் பணியிடத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்பது ஒருவருடைய ஐந்தாறு வருடத்தைக் காப்பாற்றும்.

ஊதிய நிர்ணயத்தில் தவறு என்று சந்தேகம். எப்படி உறுதி செய்வது?

பணிப்பதிவேட்டைப் பார்க்க எழுத்தில் கேளுங்கள். ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம். ஊதியக் கட்டத்தில் அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும். ரூ.20,600இல் தொடங்கியவருக்கு அடுத்தது ரூ.21,200, பிறகு ரூ.21,800. எந்த ஆண்டு கட்டம் நகரவில்லையோ அங்கே விரல் வையுங்கள். தவறு நடக்கும் இடங்கள் ஏறத்தாழ இவைதான்: ஊதியமில்லா விடுப்பால் ஊதிய உயர்வு மாதம் தள்ளிப்போனது, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை பதிவாகாதது, 10 ஆண்டில் வர வேண்டிய தேர்வுநிலையும் 20 ஆண்டில் வர வேண்டிய சிறப்புநிலையும் தாமதமானது, மாறுதலில் வந்தபோது முந்தைய பள்ளியின் கடைசி ஊதியச் சான்று பொருந்தாதது.

ஒரு கட்டம் விட்டுப்போனால் அந்த மாதம் ரூ.600தானே என்று விட்டுவிடக் கூடாது. அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, அடுத்தடுத்த உயர்வுகள் எல்லாமே குறையும்.

‘கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டு’ என்று தணிக்கைத் தடை வந்திருக்கிறது.

உடனே ‘கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். சில சூழல்களில் பிடித்தம் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் வகுத்துச் சொன்னது: கீழ்நிலைப் பிரிவு ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கூடுதலாகக் கொடுக்கப்பட்டுவந்த தொகை ஆகியவை அதில் முக்கியமானவை. ஆனால் ஊதிய நிர்ணயத்தின்போதே ‘கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவேன்’ என்று உறுதிமொழி கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு பலமிழக்கும் என்று 2016இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அதனால் சங்கப் பொறுப்பாளர் முதலில் கேட்பது அந்த உறுதிமொழித் தாளைத்தான். முன்னறிவிப்பும் விளக்கம் கேட்பும் இல்லாமல் சம்பளத்தில் நேராகப் பிடித்திருந்தால், அந்த ஒரு காரணமே ஆணையை எதிர்க்கப் போதும்.

2009க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு ஏன் சம்பளம் குறைவு? சங்கம் ஒன்றும் செய்யவில்லையா?

2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் ரூ.8,370, மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு ரூ.5,200. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ரூ.3,170 வித்தியாசம். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற போராட்டங்கள் இதற்காகத்தான். இது அரசின் கொள்கை முடிவு; தனி மனுவால் தீராது. எழுத்துப்பிழையால் குறைந்த சம்பளத்தையும் அரசாணையால் குறைந்த சம்பளத்தையும் ஒன்றாகக் கலந்து மனு எழுதுவது வழக்கமாக நடக்கும் தவறு. முன்னதைத் தனியாக எழுதினால் சில மாதத்தில் சரியாகிவிடும்.

சுயநிதிப் பள்ளியில் வங்கியில் ஒரு தொகை போட்டு, பாதியைப் பணமாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள்.

சம்பளம் வந்த நாளிலேயே மொத்தமாக எடுத்துக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொகையையும் தேதியையும் யாரிடம் என்பதையும் அன்றே குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை எடுக்கப்பட்டிருப்பதை ஏழெட்டுப் பேருடைய கணக்கு விவரத்தில் காட்டினால் அதுவே பேசும். ஒருவர் மட்டும் காட்டினால் ‘அவர் சொந்தச் செலவு’ என்று முடிந்துவிடும். இந்த விஷயத்தில் தனியாகப் போவதில் பயனே இல்லை.

அசல் சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள்.

சான்றிதழை அடகுபோல் வைத்துக்கொள்ள எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை. வரிசை இது: செயலருக்கு எழுத்தில் கோரிக்கை, ஏழு நாள் அவகாசம், பிறகு சங்கத்தின் கடிதம், பிறகு முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனுவும், திங்கட்கிழமை ஆட்சியரகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவும், பிறகு காவல் நிலையத்தில் புகார். பெரும்பாலும் மூன்றாவது படியிலேயே கவர் கைக்கு வந்துவிடும். சேரும்போதே அசலைக் கொடுத்தால், எந்தெந்தச் சான்றிதழ், என்ன எண் என்று எழுதிப் பள்ளி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை இல்லாதவரிடம் ‘நீங்கள் கொடுக்கவே இல்லையே’ என்பார்கள்.

பி.எஃப். பிடிக்கிறார்கள், கட்டுகிறார்களா என்று தெரியவில்லை.

யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணை வைத்து இணையத்தில் பாஸ்புக்கைப் பாருங்கள். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்குக் கட்டாயம். ரூ.15,000 ஊதியத்துக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், ரூ.1,800, நிர்வாகத்தின் பங்கும் ரூ.1,800, அதில் ரூ.1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் ரூ.550 சேமநிதிக்கும் போகும். நிர்வாகத்தின் பங்கையும் சேர்த்து உங்கள் சம்பளத்திலேயே ரூ.3,600 பிடித்தால் அது சட்டவிரோதம்.

20 பேரை எட்டாமல் காட்ட நர்சரியை ஓர் அறக்கட்டளை பெயரிலும் மெட்ரிக்கை இன்னொன்றிலும் ஓட்டுநர்களை ஒப்பந்தக்காரர் பெயரிலும் பிரிப்பார்கள். வளாகம், அலுவலகம், கணக்கர், தாளாளர் எல்லாம் ஒன்று என்று காட்டினால் சேர்த்தே எண்ணப்படும்.

ஆசிரியர்கள் தாங்களே செய்துகொள்ளும் கெடுதல் ஒன்று: பள்ளி மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடுவது. ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். நான்கு பள்ளியில் மும்மூன்று வருடம் வேலை பார்த்து ஒவ்வொரு முறையும் எடுத்தவருக்குப் பன்னிரண்டு வருடம் உழைத்தும் ஓய்வூதியம் இல்லை. பழைய கணக்கைப் புதிய பள்ளிக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

இ.எஸ்.ஐ.?

ஊழியர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம் இது, மாத ஊதியம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு. ஊழியர் 0.75 சதவீதம், நிர்வாகம் 3.25 சதவீதம். தகுதி உள்ளவருக்கு 26 வாரப் பேறுகால ஊதியமும் இதிலிருந்தே வரும். அதனால் ‘பிரசவத்துக்குப் போனால் சம்பளம் தர எங்களிடம் பணம் இல்லை’ என்று சொல்லும் பள்ளி, இ.எஸ்.ஐ. கட்டாத பள்ளியாகத்தான் இருக்கும்.

தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை உண்டா?

உண்டு. 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் பொருந்தும்படி செய்தார்கள். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கணக்கு எளிது: கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ரூ.13,000 வாங்கி 12 வருடம் வேலை பார்த்தவருக்கு 7,500 × 12 = ரூ.90,000.

விலகிய 30 நாளுக்குள் விண்ணப்பம் கொடுங்கள். நிர்வாகம் 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அலுவலரிடம் மனு. ஆசிரியர் ‘தொழிலாளர்’ அல்ல என்று மேலே சொன்ன தடை இங்கே கிடையாது. நிர்வாகங்கள் செய்யும் தந்திரம்: ஏப்ரலில் ராஜினாமா வாங்கிக்கொண்டு ஜூனில் புதிய நியமனம். மே மாத விடுமுறையை வைத்துச் சேவையை முறிக்கப் பார்ப்பார்கள். அந்த வெற்று ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடாமல் இருப்பதுதான் முதல் தற்காப்பு. இட்டுவிட்டால், ஒவ்வொரு ஆண்டும் எல்லா ஆசிரியரும் ஒரே நாளில் ராஜினாமா செய்ததைக் காட்டி உடைக்கலாம்.

அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளருக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

17(அ), 17(ஆ) மெமோ வந்திருக்கிறது. எது பெரியது?

17(ஆ). இரண்டும் அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் பிரிவுகள். 17(அ)வில் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகள், விளக்கத்தோடு முடியும். 17(ஆ)வில் குற்றச்சாட்டு, அதற்கான அடிப்படை, ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் எல்லாம் இணைப்பாக வர வேண்டும். விசாரணை அலுவலர் நியமிக்கப்பட வேண்டும். பதவியிறக்கம், பணிநீக்கம் வரை போகலாம். ஓய்வூதியத்தைப் பாதிக்கும்படி தொடர் விளைவுடன் ஊதிய உயர்வை நிறுத்தவும் 17(ஆ) போல விசாரணை வேண்டும். 17(அ) மெமோ கொடுத்துவிட்டு அந்தத் தண்டனையைப் போட்டால் மேல்முறையீட்டில் நிற்காது.

மெமோவை வாங்க மறுக்காதீர்கள். தேதியிட்டு வாங்குங்கள். பட்டியலில் உள்ள ஆவணங்களைப் பார்வையிடக் கேட்டு, அதுவரை கூடுதல் அவகாசமும் எழுத்தில் கேளுங்கள். பதிலில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனிப் பத்தி. ‘தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்’ என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தந்தபடி எழுதுவது ஒப்புதல் வாக்குமூலம். அதன்பின் சங்கம் வந்தும் செய்வதற்குக் கொஞ்சமே இருக்கும். தண்டனை ஆணை கைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு.

உதவிபெறும் பள்ளியில் நிர்வாகமே தண்டிக்கப் பார்த்தால், பணிநீக்கத்துக்குக் கல்வித் துறையின் முன் அனுமதி வாங்கப்பட்டதா என்பதே முதல் கேள்வி. 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் இருந்த பாதுகாப்பு இது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டமும் 2023 விதிகளும் உள்ளன. உங்கள் ஆணையில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிவைப் போட்டு அடித்த ஆணைகளும் வருகின்றன.

பாலியல் தொல்லைப் புகார்?

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த நிறுவனத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழு இல்லை என்றாலும், புகார் தாளாளர் மீதே என்றாலும், மாவட்ட அளவிலான குழுவுக்கு நேராகப் போகலாம். சங்கத்தில் பெண் பொறுப்பாளரையே கேளுங்கள். ‘சமாதானமாகப் பேசி முடிப்போம்’ என்று சங்கப் பொறுப்பாளர் யாராவது சொன்னால் அவரை விட்டு மாநிலப் பொறுப்பாளரிடம் போய்விடுங்கள்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெறாத பழைய ஆசிரியர்களின் வேலை போய்விடுமா?

உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்ச்சி இல்லாமலே ஓய்வுவரை தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடைக்காது. சிறுபான்மைப் பள்ளிகள் குறித்த கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. சங்கங்கள் சட்டப் போராட்டம் நடத்தட்டும். நீங்கள் அதை நம்பித் தேர்வுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் என்ன ஆகும்?

அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி நடவடிக்கையும் வரலாம். 2003இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டதும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், பின்னர் பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டதும் தெரிந்ததே. 2019 ஜனவரிப் போராட்டத்தில் மெமோ, மாறுதல், கைது வரை போனது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் இதை நன்றாக யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மாலை நேர ஆர்ப்பாட்டத்துக்கும் விடுமுறை நாள் தர்ணாவுக்கும் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

கௌரவ விரிவுரையாளர், பகுதிநேர ஆசிரியர் சங்கத்தில் சேரலாமா?

சேரலாம், தனிச் சங்கங்களும் உள்ளன. பகுதிநேர ஆசிரியர்கள் 2012இல் மாதம் ரூ.5,000க்கு எடுக்கப்பட்டார்கள், அதன்பின் வந்த ஒவ்வொரு உயர்வும் போராட்டத்துக்குப் பின் வந்ததுதான். கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் ரூ.50,000 வரை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. அந்தச் சுற்றறிக்கையை மனுவில் இணைப்பதோடு, நீங்கள் எடுத்த வகுப்புகளின் மாதப் பதிவேட்டில் துறைத்தலைவர் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். நிலுவை கேட்டு வரும்போது கல்லூரி முதலில் மறுப்பது வகுப்பு எண்ணிக்கையைத்தான்.

மனு கொடுத்து மூன்று மாதமாகப் பதிலே இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 நீதிமன்ற வில்லை ஒட்டி, ‘இந்தத் தேதியிட்ட என் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, கோப்பு இப்போது இருக்கும் பிரிவு, கோப்புக் குறிப்பின் நகல்’ என்று மூன்றே வரி கேளுங்கள். 30 நாள் அவகாசம். பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். கோப்புக் குறிப்பின் நகல் கிடைத்ததும் சங்கப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். எந்த மேசையில், எந்த ஆட்சேபணையில் நிற்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த முறை அவர் அலுவலகத்துக்குப் போகும்போது அந்த மேசைக்கே நேராகப் போவார்.